உருகுநீர் தொடர்ந்து இறங்கும்போதே கிரீன்லாந்துப் பனியின் வேகம் குறைவது ஏன்?

கேள்வி – நிலவியல் மாணவி

வணக்கம். கிரீன்லாந்தின் மேற்கு ஓரத்தில், கோடையில் உருகும் நீர் விரிசல்கள் வழியே அடிப்பாறையை அடைந்ததும் பனிவிரிப்பு வேகமெடுக்கிறது. ஆனால் கோடையின் பிற்பகுதியில், நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேகம் தளர்ந்து, பிறகு சில இடங்களில் குளிர்கால வேகத்துக்கும் கீழே போய்விடுகிறது. நீர் மிகுந்தால் அழுத்தம் மிகும், அழுத்தம் மிகுந்தால் வழுக்கல் மிகும் என்று எண்ணியிருந்தேன். மேலும், பனிக்கு அடியில் நீர் மேட்டை நோக்கியும் ஓடும் என்கிறார்கள். இவை எப்படி நிகழ்கின்றன?

பதில் – நீரியலாளர்

வணக்கம். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1,000 மீட்டர் தடிமனுள்ள பனி தன் அடியில் ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்தத்தைச் செலுத்துகிறது. பனி தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கி இந்த அழுத்தம் நீரைத் தள்ளுவதால், பனியின் மேற்பரப்புச் சரிவுக்கு அடிப்பாறையின் சரிவைவிடப் பத்து, பதினோரு மடங்கு செல்வாக்கு உண்டு. எதிர்த்திசையில் அவ்வளவு செங்குத்தாக ஏறாத பாறை நீரைத் தடுப்பதில்லை.

இனி வேகம். கோடைத் தொடக்கத்தில் நீர் தங்கும் இடங்கள், பனி பாறை மேடுகளின்மீது வழுக்கும்போது அவற்றின் பின்புறம் உண்டாகும் பொந்துகளே. அவற்றை இணைக்கும் வழிகள் மிகக் குறுகியவை என்பதால், திடீரென்று இறங்கும் நீர் வெளியேற முடியாமல் அழுத்தம் பனியின் எடையை எட்டுமளவு உயர்கிறது. பாறையின் பிடி தளர்கிறது. 2006 ஜூலையில் மேற்குக் கிரீன்லாந்தில் ஒரு மேற்பரப்பு ஏரி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், விநாடிக்குச் சராசரி 8,700 கன மீட்டர் வீதம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியைத் துளைத்து அடியில் இறங்கியபோது, அவ்வளவு பனியும் 1.2 மீட்டர் உயர்ந்தது.

ஆனால் ஓடும் நீர் உராய்வால் வெப்பத்தை உண்டாக்கித் தன் சுவர்களையே உருக்குகிறது. மேலுள்ள பனி அந்த வழியை நெருக்கி மூடப் பார்க்கிறது. ஓட்டம் ஓர் அளவைத் தாண்டினால் உருகல் வென்று, பொந்துகளின் இடத்தில் அகன்ற சுரங்கக் கால்வாய்கள் உருவாகின்றன. சுவிஸ் பனியியலாளர் ரோத்லிஸ்பெர்கர் 1972-இல் காட்டியபடி, சீரான ஓட்டமுள்ள கால்வாயில் நீரோட்டம் பெருகப் பெருக அழுத்தம் குறைகிறது. ஆகவே பெரிய கால்வாய் சுற்றியுள்ள நீரையும் தன்பால் இழுத்துக்கொள்ள, பனி மீண்டும் பாறையில் அழுந்தி நிற்கிறது. நீரின் மொத்த அளவைவிட, வடிகால் எந்த நிலையில் இருக்கும்போது அது வந்து சேர்கிறது என்பதே வேகத்தை முடிவுசெய்கிறது என்பது என் உறுதியான கருத்து. குளிர்காலத்தில் கால்வாய்கள் மூடிக்கொள்ள, அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்குகிறது.

பதில் – துருவ ஆய்வு வாசகர்

மேலே சொன்னது கிரீன்லாந்து ஓரத்துக்குப் பொருந்தும். அண்டார்க்டிகாவை அப்படியே இதனுள் அடக்கிவிட வேண்டாம். அங்கே அடியிலுள்ள நீர் பெரும்பாலும் புவிவெப்பத்தாலும் உராய்வாலும் உருகுவது. பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. ஆனாலும் அது அசையாமல் கிடப்பதில்லை. கிழக்கு அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியிலுள்ள ஓர் ஏரியிலிருந்து 16 மாதங்களில் 1.8 கன கிலோமீட்டர் நீர் வெளியேறி, 290 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏரிகளைச் சேர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2006-இல் அறிவித்தார்கள். ஏரிக்கு மேலிருந்த பனிப்பரப்பு சில மீட்டர் தாழ்ந்ததே அதற்குச் சான்று.

நிலவியல் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அடியிலுள்ள அழுத்தத்தை நேரடியாக அளப்பது எப்படி?

நீரியலாளர்

வெந்நீரைப் பீய்ச்சி அடிப்பாறை வரை துளையிட்டு, அதில் அழுத்த உணரியை இறக்குவார்கள். 1,000 மீட்டர் துளையில் நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 83 மீட்டர் கீழே நின்றால், பனியின் முழு எடையையும் நீரே தாங்குகிறது என்று பொருள். துளை அடியைத் தொட்டவுடன் நீர்மட்டம் சரேலென்று இறங்கினால், வடிகாலோடு தொடர்பு கிடைத்துவிட்டது எனக் கொள்ளலாம். பல துளைகளில் அப்படி நிகழ்வதில்லை; அருகிலுள்ள கால்வாயின் ஏற்ற இறக்கத்துக்கு ஒத்துப்போகாத, தனித்துக் கிடக்கும் நீரும் அடியில் நிறைய உண்டு. ஆகவே ஒரே துளையின் அளவீட்டைக் கொண்டு ஒரு பகுதி முழுவதற்கும் முடிவு சொல்லிவிடாதீர்கள்.