ஜிஆர்பி2 பற்றி ஒரு சந்தேகம்: செல் உயிரியல் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். எம்.எஸ்சி. செமினாருக்கு ஜிஆர்பி2 என்ற இணைப்புப் புரதத்தை எடுத்திருக்கிறேன். வெறும் 217 அமினோ அமிலங்கள், நொதிச் செயல்பாடு எதுவும் கிடையாது. நடுவில் ஒரு எஸ்ஹெச்2 பகுதி, இருபுறமும் எஸ்ஹெச்3. ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல் சவ்விலுள்ள தன் ஏற்பியில் வந்து சேர்ந்ததும், அந்த ஏற்பியின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அதை எஸ்ஹெச்2 பிடித்துக்கொள்கிறது. எஸ்ஹெச்3 பகுதிகள் சாஸ் புரதத்தின் புரோலின் நிறைந்த வாலைப் பிடித்திருப்பதால் சாஸும் செல் சவ்வுக்கு வந்து, அங்குள்ள ராஸ் என்ற, செல் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தரும் புரதத்தைத் தூண்டிவிடுகிறது. இதுவரை புரிகிறது.

குழப்பம் இங்கேதான். ஏற்பியின் 1068ஆம் டைரோசின் ஜிஆர்பி2-வை நேரடியாகப் பிடிக்கும். (புரதத்தின் தொடக்கத்தில் இருந்து பிறகு வெட்டப்படும் சிக்னல் பெப்டைடையும் சேர்த்து எண்ணும் கட்டுரைகளில் இதுவே 1092, நன்றாகச் சுற்றவிடுகிறார்கள்!) ஷிக் (Shc) என்ற இன்னொரு இணைப்புப் புரதம் வழியாகவும் ஜிஆர்பி2 ஏற்பியோடு சேரும். இந்த இரண்டு வழிகளின் பங்கையும் சோதனையில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? 1068-ஐ மட்டும் பாஸ்பேட் ஏற முடியாத ஃபீனைல்அலனினாக மாற்றினால் போதாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: சாஸைச் சவ்வுக்குக் கொண்டுவருவது மட்டும்தான் ஜிஆர்பி2-வின் வேலையா, சாஸின் வால் சாஸின் மீதே போடும் தடையையும் அது தளர்த்துகிறதா? பாடப்புத்தகம் 'பாலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. நல்ல ஆய்வுக்கட்டுரை தெரிந்தால் கமென்டில் போடுங்கள்.