கண்ணாடிப் பெட்டி இல்லாத சிலைக்கு தூசி எடுக்குறது எப்படி? துணில கலர் ஒட்டிருச்சு, உதவி ப்ளீஸ்

புதுசா_வந்தவன்:
வணக்கம், சின்ன மியூசியம் ஒண்ணுல சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. கலர் பூசின மரச்சிலை, பித்தளை விளக்கு, ரெண்டு பழைய நாற்காலி, எல்லாமே கண்ணாடி இல்லாம மேடை மேல சும்மா நிக்குது. திங்கக்கிழமை தொடச்சா வியாழக்கிழமைக்குள்ள திரும்ப தூசி படிஞ்சிருது. நேத்து நல்லா போகட்டுமேன்னு லேசா ஈரத்துணி வச்சு சிலையோட தோள்பட்டைய துடைச்சேன், துணில செவப்பு ஒட்டிருச்சு, எனக்கு கை நடுங்கிருச்சு. இப்ப என்ன பண்றது?

பிரஷ்_அக்கா:
தம்பி, அந்த துணிய தூக்கிப் போட்றாதீங்க. கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க, தோள்பட்டைய போட்டோ எடுங்க, கன்சர்வேட்டர் (பழம்பொருள பாதுகாக்குற நிபுணர்) வந்து பாக்குற வரைக்கும் சிலைய தொடாதீங்க. பசை கலந்து பூசின கலரா இருந்தா தண்ணி பட்டாலே கரையும். கலர் வாங்கி நாமளே பூசிரலாம்னு மட்டும் கிளம்பிராதீங்க சொல்லிட்டேன்.

மத்ததுக்கு மெத்துன்னு ஆட்டுமுடி பிரஷ் ஒண்ணு, ஹெப்பா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிச்சு வைக்குற வடிகட்டி) வச்ச வேக்யூம் ஒண்ணு போதும். வேக்யூம் இழுப்ப குறைச்சு வச்சுட்டு, வாய்ல நைலான் வலை கட்டிக்கோங்க, ஏதாவது செதில் பேந்து வந்தா வலைல நிக்கும். பிரஷ்ஷால தூசிய வேக்யூம் பக்கமா தள்ளணும், வேக்யூம் வாய் பொருள்ல படவே கூடாது, மேலருந்து கீழ வாங்க. பிரஷ்ஷோட தகரப் பட்டைல டேப் சுத்திருங்க, கீறிரும்.

புதுசா_வந்தவன்:
நன்றி அக்கா. இங்க சீனியர் ஒருத்தர் இறகுக் கொத்து தான் வச்சிருக்காரு, விளக்குக்கு பாலிஷ் போடவும் சொல்றாரு?

பிரஷ்_அக்கா:
ரெண்டும் வேணாம். இறகு உடைஞ்சா காம்பு கீறும், விரிசல்ல மாட்டுனா கலரோட பிச்சுட்டு வரும். பாலிஷ் ஒவ்வொரு தடவையும் உலோகத்தையே கொஞ்சம் தின்னும், மிச்சம் இடுக்குல வெள்ளையா காஞ்சு நிக்கும். விளக்க வெறுங்கையால தொடாம நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போடுங்க, பருத்தி கையுறை வழுக்கும்.

கேலரி_பழசு:
துடைக்கிறது இருக்கட்டும், தூசி எங்கருந்து வருதுன்னு பாத்தீங்களா? நிறைய தூசி பாக்க வர்றவங்க துணி நூல், தோல் செதில், செருப்பு மண்ணு தான். தடுப்புக் கயித்த இன்னும் தள்ளிப் போடுங்க, வாசல்ல நீளமா மிதியடி விரிங்க. மேடை ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணாடி ஸ்லைடு (மைக்ராஸ்கோப்ல வைக்குற சின்ன கண்ணாடித் தகடு) வச்சு ஒரு வாரம் விட்டா எங்க அதிகம்னு தெரிஞ்சிரும். அதுக்காக துடைக்காம மாசக்கணக்கா விட்றாதீங்க, ஈரப்பதம் ஏறுனா தூசி ஒட்டிக்கிட்டு பிரஷ்ஷுக்கு வராது.

புதுசா_வந்தவன்:
அப்டேட். ஸ்லைடு வச்சேன், வாசல் பக்கத்த விட நடு ஹால்ல தான் அதிகம், ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரு நாள் சீக்கிரமே போய் உக்காந்து பாத்தா, நான் துடைச்சு முடிச்ச பிறகு தான் ஹால காஞ்ச துடைப்பத்தால பெருக்குறாங்க! இப்ப பெருக்குறத நிறுத்தி வேக்யூம் போடுறோம், அது முடிஞ்சு தான் நான் பிரஷ்ஷ எடுக்குறேன். கன்சர்வேட்டர் அடுத்த வாரம் வர்றாங்க, துணி கவர்ல பத்திரமா இருக்கு.