டிசம்பர் 11: செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அம்மாபேட்டை மைக் செட்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா அம்மாபேட்டையில் மைக் செட் வைத்திருந்தவர். இப்போது நான் நடத்துகிறேன். டிசம்பர் 11 என்றால் எங்களுக்கு வேலை நாள். பாரதி பிறந்த நாளுக்குப் பள்ளிக்கூடங்களில் செட் கேட்பார்கள். பிள்ளைகள் முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்துகொண்டு வரிசையாக நிற்பார்கள். 1882ல் எட்டயபுரத்தில் பிறந்த அந்த மனிதர் தன் பாட்டுகள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தானே குறித்து வைத்தவர். அதனால் இந்த நாளை நான் கவிதை நாளாக மட்டும் பார்ப்பதில்லை. பாட்டு நாளும்தான்.

அதே தேதியில் இரண்டு பெரியவர்கள் போனார்கள். 2004ல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா, 2012ல் சிதார் ரவிசங்கர். இசைக்காகப் பாரத ரத்னா வாங்கிய முதல் இரண்டு பேரும் இவர்கள்தான். அம்மாவுக்கு 1998ல், அவருக்கு 1999ல். இருவர் செய்தியும் சேலத்துக்கு வந்து சேர்ந்தது 12ஆம் தேதி. அம்மா காலமானது 11ஆம் தேதி ராத்திரி வெகுநேரம் கழித்து. ரவிசங்கர் காலமானது அமெரிக்காவில், அங்கே மாலை, நமக்கு மறுநாள் விடியற்காலை. 12 ரஜினி பிறந்த நாள் வேறு. இரண்டு முறையும் ஊர் முழுக்க போஸ்டரும் பாட்டுமாக இருந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

2004ல் அது கார்த்திகை மாதம். சனிக்கிழமை ராத்திரி ஐயப்பன் பூஜைக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தோம். விடிந்தால் ஞாயிறு. வழக்கம்போல ஐந்து மணிக்கு அப்பா வெங்கடேச சுப்ரபாதம் போட்டார். 1963ல் இசைத்தட்டாக வந்தது அது. எங்களிடம் அப்போது இருந்தது கேசட். பாதி ஓடியிருக்கும், பூஜை நடந்த வீட்டுக்காரர் டிவியில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "எம்.எஸ். அம்மா தவறிட்டாங்களாம்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை செட் ஓடக் கூடாது. பெரிய தலைவர்கள் போனாலும் அப்படித்தான், நாங்களே நிறுத்திவிடுவோம். அப்பா கை தன்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விட்டது. நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது, யாருக்காக யாருடைய குரலை நிறுத்தினோம் என்று. குருசாமியிடம் போய், "சாமி, போடலாமா கூடாதா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். குருசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "பெருமாளைப் பாதியில எழுப்பி விட்டுட்டு நிறுத்தினா எப்படி? முழுசாப் போடு" என்றார். அப்பா கேசட்டைப் பின்னால் சுற்றி முதலிலிருந்து போட்டார். சத்தத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள்? அந்தத் தேதியில் போனவர்கள், பிறந்தவர்கள் வேறு யார் பற்றியும் எழுதலாம்.


அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியை:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் தாத்தா நினைவு வந்துவிட்டது. அவர் சேலம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்ததும், 1917ல் நம் நகராட்சிக்குச் சேர்மன் ஆனதும் இன்றைக்குப் பலருக்குத் தெரிவதில்லை. தாத்தாவுக்கு அவர் கடைசிவரை "சேர்மன்"தான். மாகாணத்துக்குப் பிரதமரானார், கவர்னர் ஜெனரலானார், முதலமைச்சரானார், அதெல்லாம் தாத்தா கணக்கில் பிறகு வந்தவை.

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்கு எம்.எஸ். பாடிய பஜகோவிந்தம் தட்டு வந்தது. அதில் பாட்டுக்கு முன்னால் ராஜாஜி ஆங்கிலத்தில் சின்ன முன்னுரை பேசுவார். தாத்தாவுக்கு ஆங்கிலம் கோர்ட்டுக் காகிதத்தைப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். முதல் முறை தட்டைப் போட்டபோது அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். குரல் வந்ததும் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க சேர்மன் பேசறார்" என்றார். அதற்குள் ராஜாஜி காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. பேச்சு முடிந்து எம்.எஸ். பாட ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எத்தனை முறை தட்டைப் போட்டாலும் அப்படியேதான். நாங்கள் குழந்தைகள், முதலில் சிரித்தோம். பிறகு நாங்களும் எழுந்து நிற்கப் பழகிவிட்டோம்.

அந்த இரண்டு பேருக்கும் இருந்த தொடர்பைப் பற்றி நான் வகுப்பில் நிறையச் சொல்லியிருக்கிறேன். 1966 அக்டோபர் 23ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடினாரே, அங்கே காஞ்சிப் பெரியவர் எழுதிய மைத்ரீம் பஜத மட்டும் பாடவில்லை. ராஜாஜி எழுதிக் கொடுத்த ஓர் ஆங்கிலப் பிரார்த்தனையையும் பாடினார். அப்புறம் 'குறையொன்றுமில்லை'. எழுதியது ராஜாஜி, மெட்டமைத்தது கடையநல்லூர் வெங்கட்ராமன். சிவரஞ்சனி ராகத்தில் தொடங்கிக் காபி ராகத்துக்குப் போய் சிந்துபைரவியில் முடியும்.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு. எல்லோரும் அதைத் திருப்தியான மனதின் பாட்டு என்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்பதில்லை. திரைக்குப் பின்னால் நிற்கும் கடவுளைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது. பார்க்க முடியாமல் வெளியே நிற்கிறவன் பாடுகிற பாட்டு. எழுதியவரோ 1939ல், அதுவரை உள்ளே விடப்படாத சாதியினரும் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் போனபோது இந்த மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். இதை நினைத்துக்கொண்டு கேட்டால், குறை இல்லை என்று சொல்லச் சொல்லக் குறை எங்கே இருக்கிறது என்று தெரியும். சிவரஞ்சனியில் எம்.எஸ். அந்தச் சொல்லைத் தொடங்கும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

2004ல் என் தங்கை காலை ஆறரைக்குப் போன் செய்து சொன்னாள். தட்டை எடுத்து வைத்தேன். பிளேயரில் பெல்ட் அறுந்து போயிருந்தது. போட முடியவில்லை.


மஞ்சக்குட்டை, தோட்ட மேஸ்திரி:

அக்கா, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு, அப்போது எங்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. 2012 டிசம்பர் 12ஆம் தேதியும் அப்படித்தான். 12.12.12 என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாள். அடிவாரத்தில் ரஜினி பாட்டு போட்டிருந்தார்கள், முதல் பஸ்ஸில் வந்தவர்கள் இருபது வளைவும் அதைப் பாடிக்கொண்டே ஏறி வந்தார்கள். மதியம் சில்வர் ஓக் நிழலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ரேடியோவில் ரவிசங்கர் காலமான செய்தி சொன்னார்கள். பறிக்கிற பெண்களில் ஒருத்தி, "யாருங்க அது?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் எனக்கு அவர் என் மாமா வழியாக வந்தவர்.

மாமா நாதஸ்வரக்காரர். மலைக் கிராமக் கல்யாணங்களுக்கும் கோவில்களுக்கும் வாசித்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்குப் போவேன். வீட்டுக்காரர் சாயங்காலம் சிதார் தட்டு போடுவார். ஒருநாள் மாமா என்னைக் கூட்டிப்போக வந்தார். கேட் அருகே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "டேய், இது நம்ம கீரவாணி ராகம்டா. வடக்கத்திக்காரர் வாசிக்கிறார், ஆனா கீரவாணி" என்றார். அவருக்கு ரவிசங்கர் என்ற பேரே அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் வெளியே வந்து அட்டையைக் காட்டினார். அதில் கர்நாடக முறை என்றே போட்டிருந்ததாம். மாமாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

பிற்பாடு நான் தேடிப் படித்தேன். கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி போன்ற நம் ராகங்களை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோய்ப் பழக்கப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காசியில் பிறந்து, மைஹரில் அலாவுதீன் கான் காலடியில் உட்கார்ந்து படித்தவருக்கு, நம் ராகத்தை எடுத்து வாசிக்க வேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை. பிடித்ததால் எடுத்தார். 1971ல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனோடு சேர்ந்து கச்சேரி நடத்தினாரே, அங்கே அவர்கள் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியதாம். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றாராம். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர், "சுருதி சேர்க்கிறதுக்குக் கை தட்டினாங்களா? நல்ல ஜனங்கடா அது" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அவர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் சரி செய்யும் நேரத்தை யாரும் கவனித்தது கிடையாது.

சரி, அந்தப் பெண் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்றால், "எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரு" என்றேன். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.


அரிசிப்பாளையம்:

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெயர். சாம் குக், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். 1964 டிசம்பர் 11ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

நான் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடுகிறவன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த வாத்தியார் ஒருமுறை சோல் ஸ்டிரர்ஸ் என்ற குழுவின் பாட்டைக் கேசட்டில் போட்டார். சாம் குக் சினிமாப் பாட்டு மாதிரி பக்தி அல்லாத பாட்டுகள் பாடப் போகும் முன், அந்தக் குழுவில் தேவாலயப் பாட்டு பாடியவர். "மூச்சு எங்கே விடறான்னு கவனிங்க" என்றார் வாத்தியார். நாங்கள் எத்தனை முறை கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. உயர இருக்கும் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து குரலை லேசாக அலையவிட்டுக் கீழே வருவார். எங்கள் பாட்டிகள் ஒப்பாரியில் செய்கிற மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

1963ல் அமெரிக்காவின் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில், கறுப்பர் என்பதால் அவருக்கும் மனைவிக்கும் ஒரு விடுதியில் அறை கொடுக்க மறுத்தார்கள். அவர் சத்தம் போட்டார், கைது செய்தார்கள். சில மாதத்தில், மாற்றம் ஒரு நாள் வரும் என்ற பொருளில் ஒரு பாட்டு எழுதிப் பாடினார். அது தனித் தட்டாக வந்தது அவர் இறந்து பதினொரு நாள் கழித்து. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அது எல்லோர் வாயிலும் ஏறியது. பாடியவர் கேட்கவில்லை.

வாத்தியார் அந்தப் பாட்டை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "அதைப் பாட அந்த வேதனை தெரியணும்" என்றார். எனக்கு அதில் இன்றுவரை சம்மதம் இல்லை. நம் ஊரில் அந்த வேதனை தெரியாதவர்களா இல்லை?


ஆத்தூர், முன்னாள் ராணுவத்தான்:

1998 டிசம்பர் 11ல் கவி பிரதீப் காலமானார். 1962 சீனப் போரில் இறந்த ஜவான்களுக்காக அவர் எழுதிய இந்திப் பாட்டை லதா மங்கேஷ்கர் 1963 ஜனவரியில் டெல்லியில் நேரு முன்னால் பாடினார். நான் படைக்குப் போன புதிதில் எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ராத்திரி பாரக்கில் ஒருத்தர் அதைப் பாடினார், எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அர்த்தம் தெரியாமலே எனக்கும் கண் கலங்கியது. இந்தி படித்ததே அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.


கோரிமேடு, கிதார் பழகுகிறேன்:

பிறந்தவர்களில் ஒருவர்: பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ், 1803. வீட்டில் டாக்டருக்குப் படிக்க பாரிஸ் அனுப்பினார்கள், அவர் இசைக்குப் போய்விட்டார். பியானோ சரியாக வாசிக்கத் தெரியாது, கிதாரும் புல்லாங்குழலும்தான். அதை வைத்துக்கொண்டே அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதினார். எனக்கு அது பெரிய தைரியம்.


அம்மாபேட்டை மைக் செட்:

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரி அண்ணா, உங்கள் மாமா சொன்னதை என் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். செட் கட்டும்போது "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்கிற நேரத்துக்கும் யாராவது கைதட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் இப்போது படுக்கையில்தான் இருக்கிறார், ஆனால் காது நன்றாகக் கேட்கிறது.

டீச்சர் அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் பழைய பிளேயரை நான் சரி செய்து வைத்திருக்கிறேன். பெல்ட் புதிது, ஊசியும் புதிது. ஆனால் பஜகோவிந்தம் தட்டு எங்களிடம் இருந்தது உடைந்துபோய் வெகுநாளாகிறது. அப்பா கேசட்டில் கேட்டிருக்கிறார், ராஜாஜி பேசுகிற அந்த இடத்தைத் தட்டில் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்கிறார். உங்கள் தட்டு நன்றாக இருக்கிறதா?


அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியை:

இருக்கிறது தம்பி. ஓர் இடத்தில் மட்டும் கீறல், அது பாட்டில்தான், பேச்சில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவைக் கொஞ்சம் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள்.