பழைய ஆண்டுநூல்களைக் கழித்துவிடலாமா?

நூலகவாசி:
எங்கள் கல்லூரி நூலகத்தில் இடம் போதவில்லையாம். கழிக்கப்போகும் நூல்களின் பட்டியலில் ‘சவுத்ஈஸ்ட் ஏசியன் அஃபேர்ஸ்’ பழைய தொகுதிகளும் இருக்கின்றன. 1968இல் சிங்கப்பூரில் தொடங்கிய தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம், 1974 முதல் ஆண்டுதோறும் கொண்டுவரும் நூல் இது. முந்தைய ஆண்டின் அரசியலையும் சமூகத்தையும் புருணை முதல் வியட்நாம் வரை நாடுவாரியாக ஆய்வாளர்கள் எழுதுவார்கள். இதைக் கழிப்பதை என் மனசு ஏற்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செய்திவிரும்பி:
கழிக்கட்டும். நூல் கைக்கு வருவதற்குள் அடுத்த ஆண்டில் பல மாதம் ஓடிவிடுகிறது. அரசியல் என்ன, டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுவிடுமா? மியன்மாரில் தேர்தல் நடந்தது 2020 நவம்பர் 8. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 2021 பிப்ரவரி 1. ஒரே கதைதான். நாட்காட்டி அதை நடுவில் வெட்டிவிடுகிறது.

நூலகவாசி:
அந்த வெட்டுதான் எனக்கு வேண்டும். நேற்று 1998 தொகுதியை எடுத்து, அலமாரிப் பக்கத்தில் நின்றபடியே இந்தோனேசியக் கட்டுரையைப் படித்தேன். அது 1997ஐப் பற்றியது. ஜூலை 2இல் தாய்லாந்து தன் நாணயமான ‘பாட்’டின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்டது, அப்புறம் இந்தோனேசிய நாணயமான ரூப்பியா சரிந்தது. ஆனாலும் அந்த ஆண்டு முழுக்க சுஹார்த்தோதான் அதிபர். அவர் பதவி விலகியது 1998 மே 21. அதற்குப் பிறகு எழுதியவர்களுக்கு முடிவு தெரியும், அதனால் ஒவ்வொரு சம்பவமும் அந்த வீழ்ச்சியை நோக்கிப் போவது போலவே தெரியும். ஆண்டுக் கடைசியில் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப்பெண்:
என் குறை வேறு. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. நம் மக்கள் மேல் கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. அடுத்த மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. நாட்டுக்கு ஒன்றிரண்டு கட்டுரை என்றால், பிரதமர், கட்சிகள், பொருளாதாரம் எல்லாம் போக, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு எத்தனை வரி மிஞ்சும்? மியன்மாரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்யாக்களையும் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். தென்கிழக்காசிய நூலில் வங்கதேசத்துக்கென்று கட்டுரை கிடையாது. அவர்கள் எல்லையைத் தாண்டியதும் கதையும் கைமாறிப் போகிறது.

செய்திவிரும்பி:
அப்படியானால் நீங்களும் என் பக்கம்தானே?

தோட்டத்துப்பெண்:
இல்லவே இல்லை. எந்த ஆண்டில் எங்களுக்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள் என்று நாளைக்கு ஒரு பிள்ளை எண்ணிப் பார்க்க வேண்டாமா? நூலைக் கழித்துவிட்டால் எதை வைத்து எண்ணுவது?

செய்திவிரும்பி:
ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்வுநூல் தளத்தில் இருக்கிறதே. அலமாரியில் எதற்கு?

நூலகவாசி:
எங்கள் மாணவர்கள் அதைப் பார்ப்பது கல்லூரியின் சந்தாவில்தான். போன ஆண்டு வேறொரு தரவுத்தளத்தின் சந்தாவை நிறுத்தினார்கள். ஆய்வேட்டின் பாதியில் இருந்த மாணவி ஒருத்தி கலங்கிப்போய் என்னிடம் வந்து நின்றாள். அலமாரியில் இருக்கும் தொகுதியை அப்படி யாரும் மூடிவிட முடியாது.

செய்திவிரும்பி:
சரி, சந்தாவை நான் யோசிக்கவில்லை. நாட்காட்டியைப் பற்றிச் சொன்னதில் இன்னமும் மாற்றமில்லை. ஆனால் 2021, 2022 தொகுதிகளின் மியன்மார் கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆசையாக இருக்கிறது. அந்த இரண்டையும் எனக்காக எடுத்து வையுங்கள்.