சென்னைக்கே திரும்பலாமா? வேளச்சேரி பக்கம் தரைத்தளம் எடுப்பது சரியா?

கேட்டவர்: வேளச்சேரி_ரிட்டர்ன்

பிறந்து வளர்ந்த ஊர்தான். மே மாதம் வெயிலில் எரிச்சல், டிசம்பர் மாதம் வெள்ளம் வருமோ என்று பயம். ஆனாலும் வேறு எந்த ஊரிலும் மனசு ஒட்டவில்லை. தரமணியில் வேலை கிடைத்திருப்பதால் அப்பா அம்மாவோடு வாடகை வீடு பார்க்கிறோம். 2 பெட்ரூம், பட்ஜெட் 25,000. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் தரைத்தளம்தான் வேண்டும் என்கிறார். வேளச்சேரி என்றதும் பார்ப்பவர்கள் எல்லாம் "படகு வாங்கிட்டியா?" என்று கேட்கிறார்கள். கிண்டல் போதும். வீட்டைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மழைமானி:

"வேளச்சேரி வேண்டாம்" என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. அங்கே தெருவுக்குத் தெரு கதை வேறு. ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனியில் தண்ணீர் நிற்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதே வேளச்சேரியில் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வாசல்படி நனையாத தெருக்களும் உண்டு.

முதலில் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கத்து மழைநீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். இவ்வளவு தூரத்துக்கும் சரிவு மிகக் குறைவு. கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் கால்வாய் தண்ணீரை வாங்காது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆகியும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது அதனால்தான். மழைநீர் வடிகாலை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் கடைசி வாய் அடைத்தால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

இனி வீடு. சாலை மட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டேப் வைத்தே அளந்து பாருங்கள். கட்டும்போது பேஸ்மட்டம் 3 அடி உயர்த்தியிருப்பார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் இன்று பல வீடுகளில் அது அரை அடியாகிவிட்டது. கேட்டைத் திறந்ததும் கீழே இறங்க வேண்டிய வீடென்றால், தரைத்தளத்தை மறந்துவிடுங்கள்.

பிறகு தடயம் தேடுங்கள். காம்பவுண்டு சுவரின் உள்பக்கம் பழுப்புக் கோடு இருக்கிறதா? இடுப்பு உயரம் வரை மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா? சமையலறைக் கீழ் அலமாரியின் பிளைவுட் உப்பியிருக்கிறதா? பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்தால், ஓனர் ஒருமுறை பட்டிருக்கிறார் என்று பொருள். ஈ.பி. மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது மூழ்கினால் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும், அதைச் சரிபார்த்துக் காயவைக்காமல் இணைப்பு தரமாட்டார்கள்.

புரோக்கரிடம் கேட்டால் "இங்கே தண்ணியே வராது சார்" என்றுதான் சொல்வார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள், "எந்த வருஷம் எது வரைக்கும் வந்தது" என்று கை வைத்துக் காட்டிவிடுவார்கள்.

யாரும் பேசாத இன்னொரு விஷயம், சாக்கடை பின்னோக்கி வருவது. தெருவில் தண்ணீர் அரை அடி நின்றாலே போதும், கழிவுநீர்க் குழாய் நிரம்பித் தரைத்தளக் கழிவறை வழியாக மேலே வரலாம். வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை, வருவது உள்ளே இருந்து. வீட்டுச் சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத வால்வு) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும், வெளியே நிரம்பியிருக்கும்போது அது மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் நீங்கள் ஊற்றும் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர்கள் பிளஷ் செய்தால் அது உங்கள் வீட்டில்தான் வந்து நிற்கும். வால்வு இல்லாத வீடென்றால், பாலிதீன் பையில் மணல் நிரப்பி கிளாசெட்டிலும் தரை டிராப்பிலும் அழுத்தி வைப்பதுதான் அவசர வழி.

---

சம்ப்மூடி:

மழைமானி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வருஷத்தில் மூன்று நாள் தண்ணீர் அதிகம், மற்ற நாளெல்லாம் தண்ணீர் எங்கே என்பதுதான் கேள்வி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. இப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் வந்துவிட்டதால் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் உங்கள் கட்டடத்துக்குள் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு.

ஓனரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? போர்வெல் எத்தனை அடி, ஏப்ரல் மே மாதத்தில் ஊறுகிறதா? போன கோடையில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினீர்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா?

சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) அளவை நீங்களே கணக்குப் போடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். 8 x 6 x 5 அடி சம்ப் சுமார் 6,700 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 540 லிட்டர் என்று வைத்தால் எட்டு வீட்டுக்கு 4,300. அதாவது அந்த சம்ப் ஒன்றரை நாள்தான் தாங்கும். 9,000 லிட்டர் லாரி வந்தாலும் அதில் முழுதாக ஊற்ற முடியாது, மிச்சத் தண்ணீரோடு டிரைவர் நின்று கத்துவார்.

போர் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக வந்து பிறகு மஞ்சளானால் இரும்பு. துணி கெடும், குழாய் அடைக்கும், சாதாரண ஆர்.ஓ. மெம்பரேனும் சீக்கிரம் போய்விடும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500-க்குள் இருந்தால் நல்லது, 2,000 தாண்டினால் குளிக்கவே பிசுபிசுக்கும். குடிக்க 20 லிட்டர் கேன்தான் என்று முடிவு செய்தால் மூடியில் சீலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியிலிருந்து வாங்காதீர்கள்.

வெள்ளம் சம்புக்குள் போய்விட்டால் மேலோட்டமாகக் குளோரின் போட்டு விட்டுவிடக் கூடாது. முழுதும் இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒருநாள் நிற்கட்டும். அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டுத்தான் புழங்க வேண்டும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும், திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது.

---

இரண்டாம்_படி:

அப்பாவுக்காகத் தரைத்தளம் என்கிறீர்கள். கீழே பார்க்கிங், மேலே முதல் மாடி என்றிருக்கும் கட்டடத்தைப் பாருங்களேன். லிஃப்ட் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். லிஃப்ட் குழி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும், முதலில் மூழ்குவது அதுதான். மழை நேரத்தில் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்து வைக்கிறார்களா என்று வாட்ச்மேனைக் கேளுங்கள்.

படியை அளந்து பாருங்கள். ஒரு படி 6 அங்குல உயரம், 11 அங்குல அகலம், இருபுறமும் கைப்பிடி, நடுவில் ஒரு திருப்பம் என்றால் முழங்கால் வலிக்காரர் நாளைக்கு ஒருமுறை நிதானமாக ஏறி இறங்கலாம். பழைய வீடுகளில் படி ஏழரை அங்குலம் இருக்கும், அதுதான் வலியைக் கூட்டும்.

---

உப்புக்காத்து:

தரமணிதான் அலுவலகம் என்றால் பறக்கும் ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போகலாமே. திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர். மணற்பாங்கான பூமி, தண்ணீர் சீக்கிரம் இறங்கும், நிலத்தடி நீரும் பரவாயில்லை. வாடகைதான் இடிக்கும். 25,000-க்குப் பழைய கட்டடம்தான் கிடைக்கும்.

கடலோரத்துக்கென்று தனிச் செலவும் உண்டு. உப்புக் காற்றில் ஏ.சி. வெளி யூனிட் சீக்கிரம் அரித்துவிடும். காப்பர் காயிலும் அதன் மேல் பூச்சும் உள்ளதாக வாங்கி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். ஜன்னல் கம்பி, கேட் கீல் எல்லாம் துருப்பிடிக்கும்.

வெயில் விஷயத்தில் கடலோரம் எவ்வளவோ மேல். மதியம் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் அன்றைய வெப்பம் அதோடு நின்றுவிடும். மே கடைசியில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது தாமதமாகும், சில நாள் வரவே வராது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானது. எங்கே எடுத்தாலும் மேற்குப் பார்த்த படுக்கையறையும் மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள வீடும் வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கூரை இறக்கும்.

பயம், எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம், திருமயிலையில் இறங்கினால் கபாலி கோயில். மார்கழி பிறப்பதற்குள் பெருமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், சபாக்களில் மதியக் கச்சேரிக்கு அநேகமாக டிக்கெட்டே கிடையாது. அப்பாவை அழைத்துப் போங்கள், ஆனால் அந்த ஸ்டேஷன்களில் எஸ்கலேட்டர் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. கட்டடம் அரண்மனை மாதிரி, ஆள் நடமாட்டம் குறைவு, இருட்டியபின் தனியாக இறங்க யோசிப்பார்கள். சென்னையின் நல்லதும் கெட்டதும் ஒரே டிக்கெட்டில் வரும்.

---

வேளச்சேரி_ரிட்டர்ன்:

எல்லோருக்கும் நன்றி. முதல் மாடி என்று அப்பாவிடம் பேசிவிட்டேன், அரை மனதாகச் சரி என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், அது சட்டப்படி சரியா? கரண்டுக்கு சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபாய் என்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை:

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்த "வேறு உடன்பாடு" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஐந்து ஆறு மாதத்துக்குப் பேசி இறக்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், பதிவு எண் இல்லாமல் பின்னால் முறையிடுவது கடினம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற இரண்டு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கரண்டு விஷயத்தில் தனி சர்வீஸ் மீட்டர் உள்ள வீட்டையே எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது சர்வீஸ் இணைப்புக்குத்தான். சப்-மீட்டரில் அந்தச் சலுகை ஓனர் பக்கமே நின்றுவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் கூடும். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் அதுவே 480. ஃபிரிட்ஜைச் சேர்த்தால் மே, ஜூன் பில்லில் 500 தாண்டாமல் இருக்க வாய்ப்பே இல்லை. டெம்பரேச்சரை 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

கார் இருந்தால் இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையை அக்டோபருக்கு முன்பே போட்டுவிடுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் சாதாரண பாலிசி பெரும்பாலும் தராது. ரெட் அலர்ட் வந்த நாளில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பது அதனால்தான். இடம் வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே போய்விட வேண்டும்.