கெட்டிலுக்கு மின்தடை குறைவு, சூடு மட்டும் ஏன் அதிகம்?

ஈசூன்_அம்மா:
வணக்கம். என் மகன் உயர்நிலை 3 படிக்கிறான். சென்ற சனிக்கிழமை சிம் லிம் டவரில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவே சமையலறையில் உட்கார்ந்து மின்தடையை அளக்கத் தொடங்கிவிட்டான். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கீழே இருக்கும் இரண்டு பின்களுக்கு நடுவேதான் அளந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

கெட்டில் 24 ஓம் காட்டியது. ரைஸ் குக்கர் முதலில் 1,300 ஓமுக்கு மேல் காட்டியது. பானையை உள்ளே வைத்து, சமைக்கும் பித்தானை அழுத்திப் பிடித்து மறுபடி அளந்தபோது 76 ஓம். கெட்டிலின் அடியில் 2200 வாட் என்றும் குக்கரில் 700 வாட் என்றும் போட்டிருக்கிறது.

சந்தேகம் இதுதான். திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது என்று படித்திருக்கிறான். அப்படியென்றால் 76 ஓம் உள்ள குக்கர்தானே அதிகம் சூடாக வேண்டும் என்று கேட்கிறான். புத்தகத்தில் இன்னொரு சூத்திரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கச் சொல்கிறது. ஒன்று பெருக்குகிறது, மற்றொன்று வகுக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்? நான் படித்தது வணிகவியல். அவன் முகத்தைப் பார்த்து "தெரியவில்லை" என்று சொல்ல மனம் வரவில்லை.

பட்டறை_மின்பணியாளர்:
சகோதரி, பையன் கேட்டிருப்பது அருமையான கேள்வி. கப்பல் பட்டறையில் 22 ஆண்டுகளாக மின்வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் தம்பிகளில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

இரண்டு சூத்திரமும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நம் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். கெட்டிலைச் செருகினாலும் குக்கரைச் செருகினாலும் அதே 230தான். ஆனால் மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றல்ல. 230ஐ 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.6 ஆம்பியர், 76ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். தடை குறைந்த கெட்டில் மும்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அதை வர்க்கப்படுத்தினால் பத்து மடங்கு. தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மொத்தத்தில் திறன் மூன்று மடங்காகிவிடுகிறது. 9.6ஐ 9.6ஆல் பெருக்கி, 24ஆல் பெருக்கிப் பார்க்கட்டும்: 2200 வாட் வரும். அவன் சூத்திரமே சரியான விடையைத் தருகிறது. இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றுதான் என்று எண்ணியதுதான் பிழை.

அப்படி ஒரே மின்னோட்டம் ஓடும் இடமும் உண்டு. தாளில் மட்டும் போட்டுப் பார்க்கட்டும், வீட்டில் செய்ய வேண்டாம். இரண்டையும் தொடராக இணைத்தால் மொத்தம் 100 ஓம், 2.3 ஆம்பியர். கெட்டிலில் 127 வாட், குக்கரில் 402 வாட். அங்கே அவன் சொன்னபடியே குக்கர்தான் அதிகம் சூடாகும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் முறுக்கு வேலை நடந்தபோது, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கெட்டில் செருகியிருந்த துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் படிந்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை, பிரேக்கரும் விழவில்லை. உள்ளே பின்னைக் கவ்வும் தகடு தளர்ந்திருந்தது. அந்தத் தளர்ச்சி 0.3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, 9.5 ஆம்பியர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 9.5ஐ வர்க்கப்படுத்தி 0.3ஆல் பெருக்கினால் 27 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் கோலுக்கு 25 வாட் போதும்! அவ்வளவு சூடு ஒரு விரல் நுனி அளவு இடத்தில். மின்னோட்டம் கூடவில்லையே, ஃபியூஸ் எப்படி அறியும்? கண்ணும் மூக்கும்தான் அறியும். உங்கள் பிளக்குகளைத் தயவுசெய்து இன்றே பாருங்கள்.

தேக்கா_வாசி:
இதையொட்டி ஒன்று. சாமி அறையில் இருந்த பழைய 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி அளந்தேன். 64 ஓம்தான் காட்டுகிறது. கணக்குப்படி 230ஐ வர்க்கப்படுத்தி 60ஆல் வகுத்தால் 882 வர வேண்டும். மீட்டரில் கோளாறா?

பட்டறை_மின்பணியாளர்:
மீட்டர் சரியாகவே இருக்கிறது, ஐயா. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். சுவிட்சைப் போட்ட கணத்தில் பல்பு அடிக்கடி பீஸ் போவதும் இதனால்தான், அந்த நொடியில் 3 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. கெட்டிலிலும் குக்கரிலும் இருப்பது வேறு கலவை உலோகம், சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறாது. அதனால்தான் பையன் அளந்ததும் அடியில் அச்சிட்டிருப்பதும் ஒத்துப்போகின்றன.

ஈசூன்_அம்மா:
அண்ணா, மிக்க நன்றி. தொடர் இணைப்புக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, என் சூத்திரம் தப்பில்லை" என்று கத்திக்கொண்டே அறையிலிருந்து ஓடி வந்தான்.

பிளக்குகளையும் பார்த்தோம். கெட்டில் சரியாக இருக்கிறது. துணி தேய்க்கும் பெட்டியின் பிளக்கில் ஒரு பின்னின் அடிப்பாகம் கறுத்து, பிளாஸ்டிக் லேசாக உப்பியிருக்கிறது. விரலால் தடவினால் மேடு தெரிகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா, சுவர் சாக்கெட்டையும் மாற்ற வேண்டுமா?

பட்டறை_மின்பணியாளர்:
இரண்டையும் மாற்றுங்கள். பின் கறுத்திருந்தால் அதைக் கவ்விய தகடும் வெந்திருக்கும். புதுப் பிளக்கைச் செருகினால் அதுவும் கறுக்கும். சாக்கெட்டை நீங்கள் திறக்க வேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அதுவரை அந்தச் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.