தாது வருஷப் பஞ்சக் கதை: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே ஒன்று கேட்டிருந்தேன். முதுகலை வரலாறு படிக்கிறேன், 1877இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னையில் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் நிவாரண வேலையில் மண் சுமந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதுகிறேன், ஆவணத்தில் பெயரே இல்லாத அவளுக்கு நானே பேச்சு எழுதினால் அது பொய்யாகிவிடாதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கதை முடிந்துவிட்டது.

கூலி, தானியம், தேதி எதிலும் கை வைக்கவில்லை, பேச்சு மட்டும் என்னுடையது. பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் எவ்வளவு என்று வீட்டுத் தராசில் 450 கிராம் அரிசி நிறுத்து, சின்னக் கிண்ணத்தில் கொட்டி வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் முழுக்க வெயிலில் மண் சுமந்தவர்களுக்கு அவ்வளவுதான். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் 680 கிராமாவது வேண்டும் என்று வாதாடிய பிறகு, மார்ச்சில் 570 கிராமும் கொஞ்சம் பருப்புமாக உயர்த்தினார்கள்.

அந்தப் பருப்பு வந்த நாளில்தான் இப்போது கதை தொடங்குகிறது. அப்புறம், அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.